நொறுங்க வேண்டியது நொறுங்கட்டும்

தார், பொலேரோ, ஸ்கார்ப்பியோ, ஃபார்ச்சூனர் என்று பெரிய வண்டி எதை வாங்கினாலும், ஷோரூமிலிருந்து நேரே அக்சஸரீஸ் கடைக்கு ஓட்டிப்போய் முன்னால் ஒரு கம்பி பம்பரை மாட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது தமிழ்நாட்டில் எழுதப்படாத சட்டமாகியிருக்கிறது. சென்னை ஜி.பி. ரோட்டிலிருந்து சின்ன ஊர்களின் சீட் கவர் கடைகள் வரை இந்தக் கம்பிகள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. புல் பார், கிராஷ் கார்டு, எக்ஸ்ட்ரா பம்பர் என்று பெயர்கள் பல. மாட்டச் சொல்பவர்களின் வாக்குமூலம் மட்டும் ஒன்றேதான்: "இப்ப வர்ற வண்டியெல்லாம் பிளாஸ்டிக்கு. தொட்டாலே உடைஞ்சிடும். முன்னாடி ஒரு இரும்பு இருந்தா அடி விழும்போது அது வாங்கிக்கும், நாம தப்பிச்சுக்கலாம்."

கடைக்காரர் இதைச் சொன்னால் வியாபாரம் என்று விட்டுவிடலாம். ஆனால் முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்த டிரைவர்கள் சொல்கிறார்கள். மகனுக்கு வண்டி வாங்கிக் கொடுக்கும் அப்பா, பாசத்தோடு, தன் கைக்காசைப் போட்டு மாட்டிக் கொடுக்கிறார். அந்தப் பாசத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதனால்தான் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கம்பி வண்டிக்குள் இருக்கும் மகனைக் காப்பாற்றுவதில்லை. அவனுக்கு வரக்கூடிய அடியைப் பெரிதாக்கவே அதற்கு வாய்ப்பு அதிகம். வண்டிக்கு வெளியே இருக்கும் யாரோ ஒருவரின் மகனுக்கோ அது எமன்.

முதலில் அந்தப் "பிளாஸ்டிக்" பழியை எடுத்துக்கொள்வோம். பம்பர் என்று நாம் தட்டிப் பார்க்கும் பிளாஸ்டிக், பம்பரின் மேலுறை மட்டுமே. அதற்குப் பின்னால் நுரை, அதற்குப் பின்னால் குறுக்கே ஓடும் இரும்பு உத்திரம், அந்த உத்திரத்தைத் தாங்கும் இரண்டு பெட்டிகள், அதற்கும் பின்னால் சேசிஸின் நீண்ட தண்டுகள் என்று வரிசையாக இருக்கின்றன. அந்தப் பெட்டிகளைக் கழற்றிப் பார்த்தால் பக்கவாட்டில் மடிப்பு மடிப்பாகப் பள்ளங்கள் தெரியும். தயாரிப்பில் வந்த கோணல் அல்ல அது. இடி விழும்போது இந்த இடத்தில்தான் மடிய வேண்டும், இந்த வரிசையில்தான் மடிய வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கீறிய கோடுகள். இன்றைய வண்டியின் முன்பக்கம் நொறுங்குவதற்காகவே கட்டப்படுகிறது.

மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த பேலா பாரென்யி என்ற பொறியாளர் 1951-இல் இந்த யோசனைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். மனிதர்கள் உட்காரும் கூண்டு இறுகியிருக்க வேண்டும், அதன் முன்னும் பின்னும் உள்ள பகுதிகள் இளகி நொறுங்க வேண்டும் என்பதே அவர் கண்டது. அதுவரை கார் எவ்வளவு முரட்டுத்தனமாக இருக்கிறதோ அவ்வளவு பத்திரம் என்றுதான் உலகமே நம்பியிருந்தது. அவர் கணக்கின்படி அமைந்த கார் 1959-இல் சாலைக்கு வந்தது. இன்று உலகில் எந்த நல்ல தயாரிப்பாளரும் அந்தக் கணக்கை விட்டு விலகுவதில்லை.

கணக்கு எளிது. இரண்டு டன் வண்டி மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதுகிறது என்று வையுங்கள். நம் நாட்டில் புது மாடல் கார்கள் தேற வேண்டிய முன்பக்க மோதல் சோதனையின் வேகம் அது. 56 என்பது நமக்கு ஊருக்குள் போகிற வேகமாகத் தெரிகிறது. ஆனால் அதே வண்டியைக் கயிற்றில் கட்டி 12 மீட்டர் உயரத்துக்கு, அதாவது நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சிக்குத் தூக்கி, மூக்கு கீழே இருக்கும்படி கைவிட்டால் எவ்வளவு வேகத்தில் தரையைத் தொடுமோ, அவ்வளவு வேகம். வண்டி நிற்கும்போது இந்தச் சக்தி முழுவதும் எங்காவது போய்த் தீர வேண்டும். முன்பக்கம் 60 சென்டிமீட்டர் நொறுங்கி நின்றால், உள்ளே பெல்ட் போட்டிருப்பவர் உடல் மேல் அவருடைய எடையைப் போல் சராசரியாக இருபது மடங்கு விசை விழும். அதே வண்டி 30 சென்டிமீட்டரே நொறுங்கி நின்றால் நாற்பது மடங்கு. 70 கிலோ ஆளின் நெஞ்செலும்பு மேல் ஒன்றரை டன்னுக்குச் சற்றுக் குறைவாக இறங்குவதற்கும், மூன்று டன்னுக்குச் சற்றுக் குறைவாக இறங்குவதற்கும் உள்ள வித்தியாசம், சில நாள் வலியோடு வீடு திரும்புவதற்கும் திரும்பாமலே போவதற்கும் உள்ள வித்தியாசமாக இருக்கக்கூடும். வைக்கோல் போர் மேல் குதிப்பவனும் சிமெண்டுக் களத்தில் குதிப்பவனும் ஒரே உயரத்திலிருந்துதான் குதிக்கிறார்கள். போர் அமுங்குகிறது, களம் அமுங்குவதில்லை.

இப்போது அந்த மடிப்புப் பெட்டிகளின் முன்னால் கனமான குழாயை நிறுத்தி, அதன் தாங்கு தகடுகளைச் சேசிஸ் தண்டில் போல்ட் போட்டு முறுக்கினால் என்ன ஆகும்? தகடு மடிப்புப் பெட்டியைத் தாண்டிப் பின்னால் தண்டிலேயே பிடித்திருந்தால், முதலில் மடிய வேண்டியது மடியாது. அடி நேராகத் தண்டுக்குப் போகும், தண்டிலிருந்து கூண்டுக்குப் போகும், கூண்டிலிருந்து உங்களுக்கு வரும். தகடு ஒரு பக்கம் பலமாகவும் மறு பக்கம் பலவீனமாகவும் இருந்தால் வண்டி கோணலாக மடியும். "எங்க பம்பர் அப்படிச் செய்யாது" என்று ஒருவர் சொல்லலாம். சொல்வதற்கு அவரிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? வண்டியை வடிவமைத்தவர்கள் ஒவ்வொரு மாடலிலும் பல வண்டிகளைச் சுவரில் மோதி உடைத்துப் பார்த்த பிறகுதான் விற்பனைக்கு அனுப்புகிறார்கள். பட்டறையில் குழாயை வளைத்து வெல்டிங் வைத்தவர் எந்த வண்டியை மோதிப் பார்த்தார்? கைத்திறன் அவருக்கு உண்டு, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் உயிர்க் கணக்குப் போட்டு முடித்த ஒரு அமைப்பில், கணக்குப் போடாத ஓர் உறுப்பைச் சேர்க்கும் உரிமை கைத்திறனால் வந்துவிடாது.

"அந்தக் காலத்து வண்டி எப்படி இருந்துச்சு! அம்பாசிடர்ல இடிச்சா இடிச்சவன்தான் காலி" என்ற ஏக்கம் இந்தக் கம்பி வியாபாரத்தின் மூலதனம். அந்த ஏக்கத்துக்கு 2009-இல் அமெரிக்காவில் பதில் கிடைத்தது. அங்குள்ள நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் தன் ஐம்பதாவது ஆண்டையொட்டி 1959-ஆம் ஆண்டின் செவர்லே பெல் ஏர் காரையும் 2009-ஆம் ஆண்டின் செவர்லே மாலிபு காரையும் நேருக்கு நேர் ஓரமாக மோதவிட்டது. பெல் ஏர் கப்பல் போன்ற இரும்பு வண்டி. மோதியதும் அதன் ஓட்டுநர் கூண்டு கசங்கி, ஸ்டியரிங், உள்ளே உட்கார வைத்திருந்த சோதனைப் பொம்மையின் மேலேயே வந்து ஏறியது. உயிருள்ள ஆள் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவின் முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியது. ஆனால் கூண்டு நின்றது, பொம்மைக்குக் காலில்தான் காயம் என்று பதிவானது. அந்த மோதலின் படத்தை ஒரு தடவை பார்த்தவர் பிளாஸ்டிக் வண்டி என்று மறுபடியும் ஏளனமாகச் சொல்ல மாட்டார்.

நம் கண்ணை ஏமாற்றுவதும் இதேதான். விபத்து நடந்த இடத்தில் இரண்டு வண்டிகள் நிற்கின்றன. கம்பி மாட்டிய வண்டிக்குச் சிராய்ப்புதான், கம்பி இல்லாத வண்டி முன்பக்கம் இல்லாமல் கிடக்கிறது. பார்க்கிற கூட்டம் "பாத்தியா, கம்பி இருந்ததால தப்பிச்சான்" என்று முடிவு கட்டிவிடுகிறது. வண்டிக்கு அடி குறைவு என்றால் ஆளுக்கு அடி குறைவு என்று அர்த்தமாகாது. இரும்பு வாங்காத அடியை எலும்பு வாங்கியிருக்கிறதா என்பது ஸ்கேன் எடுக்கும் இடத்தில்தான் தெரியும். அங்கே அந்தக் கூட்டம் வருவதில்லை.

ஏர்பேக் விஷயம் இன்னும் நுட்பமானது. 2019 ஜூலையிலிருந்து இங்கே விற்கும் கார்களில் ஓட்டுநருக்கான ஏர்பேக் கட்டாயம். பிறகு பக்கத்து இருக்கைக்கும் வந்தது. அந்தப் பையை எப்போது வெடிக்க வைப்பது என்று முடிவெடுக்கக் கணினிக்குக் கிடைப்பது ஒரு நொடியின் நூற்றில் இரண்டு மூன்று பங்கு நேரம். வண்டி எந்த வேகத்தில் மெதுவாகிறது, முன்பக்கம் எந்த விதத்தில் மடிகிறது என்று சென்சார்கள் அனுப்பும் செய்தியை வைத்தே அது முடிவு செய்கிறது. அந்தச் செய்தி கம்பி இல்லாத வண்டியின் மடிப்பை வைத்துப் பழக்கப்பட்டது. முன்னால் ஒரு குழாய் வந்துவிட்டால் செய்தி மாறுகிறது. பை தாமதமாக வெடித்தால் முகம் ஏற்கெனவே ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வந்திருக்கும். அந்த நேரத்தில் விரியும் பையே ஆபத்து. தேவையில்லாத சின்ன அடிக்கு வெடிப்பதும் நடக்கலாம். வெடிக்காமலே போவதும் நடக்கலாம். எது நடக்கும் என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு. புதிய வண்டிகளில் முன்னால் வரும் வண்டியைக் கவனித்துத் தானே பிரேக் பிடிக்கும் ரேடாரும் வந்துவிட்டது. லட்சக்கணக்கில் கொடுத்து அந்த வசதியை வாங்கி, சில ஆயிரத்தில் ஒரு கம்பியை மாட்டி அதன் கண்ணை மறைக்கிறோம்.

சரி, பெரிய விபத்தை விடுங்கள், சின்ன இடிக்காவது மிச்சம் பிடிக்கலாமே என்பார்கள். பார்க்கிங்கில் தூணில் உரசினால் கம்பி காப்பாற்றும், உண்மை. அதற்கு மேல் கொஞ்சம் பலமாக இடித்தால் கதை மாறுகிறது. கம்பி இல்லாவிட்டால் மேலுறையும் நுரையும் அந்த மடிப்புப் பெட்டியும் போகும். மூன்றையும் கழற்றிப் புதிதாக மாட்டலாம். அதற்காகத்தான் அவற்றைப் போல்ட்டில் நிறுத்தியிருக்கிறார்கள். கம்பி இருந்தால் அது அடியை வாங்கிக்கொள்வதில்லை, பின்னால் கடத்துகிறது. சேசிஸ் தண்டின் மூக்கு வளைகிறது. டிங்கரிங் பட்டறைக்காரரைக் கேட்டுப் பாருங்கள், பம்பர் மாற்றுவதற்கும் சேசிஸ் இழுப்பதற்கும் செலவில் என்ன தூரம் என்று சொல்வார். இழுத்த பிறகும் வண்டி பழைய நேர்க்கோட்டில் ஓடுமா என்பதற்கு அவரே உத்தரவாதம் தரமாட்டார்.

இதுவரை சொன்னது வண்டிக்குள் இருப்பவரைப் பற்றி. அவர் தன் காசில் தன் ஆபத்தை வாங்கிக்கொள்கிறார் என்று ஒரு வாதத்துக்கு விட்டுவிடலாம். வெளியே இருப்பவரைப் பற்றிய விஷயத்தை அப்படி விட முடியாது. என் கோபம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கின்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். 32,825 பேர் நடந்து போனவர்கள். இரண்டையும் கூட்டினால் இறந்த மூவரில் ஏறக்குறைய இருவர், சுற்றிலும் எந்தக் கூண்டும் இல்லாமல் சாலையில் இருந்தவர்கள். நம் சாலையில் பெரிய வண்டியின் மூக்கு சந்திக்கிற "எதிரி" பெரும்பாலும் இன்னொரு பெரிய வண்டி இல்லை. பால் வாங்கப் போகிறவர், ஸ்கூட்டியில் பிள்ளையைப் பள்ளியில் விடப் போகிறவர், நூறு நாள் வேலைக்குச் சாலையோரம் நடக்கும் பெண்.

ஒரு கார் நடந்து போகிறவரை இடிக்கும்போது நடப்பது இது. முதலில் பம்பர் காலில் படுகிறது. கால் தள்ளப்பட, உடம்பு மேல்பக்கமாகச் சாய்ந்து பானெட்டின் மேல் விழுகிறது. தலை கடைசியில் பானெட்டிலோ கண்ணாடியிலோ மோதுகிறது. இன்றைய வடிவமைப்பு இந்த ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏதாவது ஒரு கருணை வைத்திருக்கிறது. பம்பரில் நுரை வைத்திருப்பது முழங்காலுக்காக. பானெட் தகட்டுக்கும் கீழே இருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வெற்றிடம் விட்டிருப்பது, தலை விழும்போது தகடு அமுங்க இடம் வேண்டும் என்பதற்காக. பாதசாரிப் பாதுகாப்புக்கான ஐக்கிய நாடுகள் விதிமுறையில் செயற்கைக் காலை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்திலும், பெரியவர் தலை, குழந்தை தலை என்று இரண்டு அளவில் செய்த உருண்டைகளை 35 கிலோமீட்டர் வேகத்திலும் வண்டியின் முன்பக்கத்தில் எறிந்து அளக்கிறார்கள். குழந்தையின் தலைக்கென்று தனி உருண்டை செய்து, அது எங்கே விழும் என்று பார்த்து, அந்த இடத்தை மென்மையாக்க யாரோ சில பொறியாளர்கள் வருடக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள்.

அந்த உழைப்பின் மேல்தான் நாம் இரும்புக் குழாயை நிறுத்துகிறோம். குழாய் முழங்காலோடு நிற்பதில்லை. அதன் மேல் வளைவு பெரியவர்களின் இடுப்பு உயரத்தில் நிற்கிறது. அகலமான பம்பரில் பரவ வேண்டிய அடி, மணிக்கட்டு கனமுள்ள ஒரு குழாயின் கோட்டில் குவிகிறது. இடுப்பெலும்பு உடைகிறது, உள்ளே ரத்தம் கசிகிறது. பானெட்டின் மேல் சாய வேண்டியவர் முன்பக்கமாகக் கீழே தள்ளப்பட்டு, சக்கரத்துக்கு அடியில் போகும் அபாயம் கூடுகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அதே வளைவு எந்த உயரத்தில் வருகிறது என்று உங்கள் வண்டிக்கு முன்னால் உங்கள் பிள்ளையை நிற்க வைத்து ஒரு நிமிடம் பாருங்கள். நெஞ்சும் முகமும்தான் வரும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழக வாகனப் பாதுகாப்பு ஆய்வு மையத்தில் இந்தக் கம்பிகளைச் செயற்கைக் கால், இடுப்பு, தலை வைத்து அளந்திருக்கிறார்கள். எஃகுக் கம்பிதான் எல்லாவற்றிலும் மோசமாகத் தேறியது. கம்பி இல்லாத அதே வண்டியின் முன்பக்கம் அதைவிட எவ்வளவோ மேல்.

"மாடு குறுக்கே வந்தா என்ன பண்ணுவ?" என்ற கேள்வி தயாராக இருக்கும். நியாயமான கேள்வி. புறவழிச்சாலையில் இரவில் படுத்திருக்கும் மாடு, மலைப்பாதையில் பாயும் காட்டுப்பன்றி, மான், எல்லாம் உண்மை. ஆனால் மாட்டின் எடை முன்னூறு, நானூறு கிலோ. அதன் கால்கள் மெலிசு, உடம்பு மேலே இருக்கிறது. வேகமாகப் போகிற வண்டி கால்களை வாரிவிட்டால் உடல் கம்பிக்கு மேலாக வந்து முன் கண்ணாடியில் விழுகிறது. அந்த இடத்தில் கம்பி இல்லை. மாட்டிலிருந்து நம்மைக் காப்பது வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான். 80-இல் போகிறவருக்கு மோதலின் சக்தி 56-இல் போகிறவருக்கு வருவதைப் போல் இரண்டு மடங்கு. திம்பம் மலைப்பாதையில் விலங்குகள் அடிபட்டுச் சாவதைத் தடுக்க என்ன வழி என்று 2022-இல் சென்னை உயர்நீதிமன்றம் யோசித்தபோது, வண்டிக்குக் கம்பி மாட்டச் சொல்லவில்லை. இரவுப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தச் சொன்னது. முதுமலைச் சாலையிலும் இரவில் கதவு சாத்துகிறார்கள். காட்டை அறிந்தவர்கள் கண்ட வழி அது.

கம்பியை ஆதரிப்பவர்களின் கடைசிக் கோட்டை ஆஸ்திரேலியா. அங்கே எல்லா வண்டியிலும் இருக்கிறதே, அவர்கள் முட்டாள்களா என்று கேட்பார்கள். இல்லை. போர்ட் அகஸ்டாவிலிருந்து டார்வின் போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் கிளென்டாம்போவை விட்டுக் கிளம்பினால் கூபர் பீடி வரை சுமார் 250 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் கிடையாது, ஊர் கிடையாது. பொழுது சாய்ந்த பிறகு கங்காரு குறுக்கே பாய்ந்து ரேடியேட்டர் உடைந்தால் பாலைவனத்தில் தண்ணீரில்லாமல் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அந்தத் தேவையிலிருந்து பிறந்தது அந்தக் கம்பி. நடந்து போகிறவர் கண்ணில் படாத சாலைக்காக அது செய்யப்பட்டது. அப்படியிருந்தும் அந்த நாடு அதைச் சும்மா விட்டுவிடவில்லை. சாலையில் போகும் மற்றவர்களைக் காப்பதற்காக 2002-இல் அந்தக் கம்பிகளுக்கென்றே தனித் தரநிலை எழுதியது. அங்கே பெயர் பெற்ற தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு மாடலுக்கும் தனியாக வடிவமைத்து, ஏர்பேக்கைக் குழப்பாதபடி தாங்கு தகட்டையே நொறுங்கும் விதத்தில் செய்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே போய், பாதசாரி சோதனையில் தேறாத முன்பக்கக் கம்பியை விற்கவே கூடாது என்று 2005-இல் விதி கொண்டுவந்தது. பழைய எஃகுக் குழாய்கள் அங்கே சந்தையிலிருந்து காணாமல் போயின. நாம் ஆஸ்திரேலியாவிடமிருந்து எடுத்துக்கொண்டது தோற்றத்தை மட்டும். திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகிற வழியில் ரேடியேட்டர் உடைந்தால் மெக்கானிக் வந்து சேர அதிக நேரம் ஆகாது.

அதே ஆஸ்திரேலியாவிலிருந்து வேறொரு பாடமும் எடுத்துக்கொண்டிருக்கலாம். பண்ணைகளில் ஓட்டும் நான்கு சக்கர ஏடிவி வண்டிகளுக்கு முன் பம்பர், புதர்க் கம்பி, வின்ச் என்று மூக்குக்கு மாட்டும் சாமான்கள் ஏராளம் விற்கின்றன. ஆனால் அந்த வண்டியில் இறந்தவர்களில் பெரும்பகுதியினர் எதன் மேலும் மோதி இறக்கவில்லை. வண்டி குப்புறக் கவிழ்ந்து அதன் அடியில் நசுங்கினார்கள். அதைப் பார்த்த அரசு 2019-இல் தரநிலை எழுதி, பொதுப் பயன்பாட்டுக்கான புது வண்டிகளில் ஓட்டுகிறவரை நசுங்காமல் காக்கும் வளைவைக் கட்டாயமாக்கியது. அந்த வளைவு வருவது பெரும்பாலும் இருக்கைக்குப் பின்னால். ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்த்த பிறகு கம்பியை எங்கே வைப்பது என்று முடிவு செய்தார்கள். மூக்கில் கனத்தைக் கூட்டுவது ஏற்கெனவே தடுமாறும் வண்டியின் நிலையை மேலும் கெடுக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

உண்மையாகவே காட்டிலும் மேட்டிலும் ஓட்டும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தேவை வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாறையில் உங்கள் வண்டி அடிபடுவது எங்கே என்று நீங்களே சொல்லுங்கள். ஆயில் சம்ப், டிஃபரன்ஷியல், டை ராடு என்று எல்லாம் வயிற்றுப் பக்கம். அங்கே அடித்தகடு போடுங்கள், அது பொருத்தம். சேற்றில் சிக்கினால் இழுக்க, தயாரிப்பாளர் சேசிஸில் கொடுத்திருக்கும் கொக்கி இருக்கிறது. போட்டிக்கென்றே வைத்திருக்கும் வண்டி என்றால் வின்ச்சும் கம்பியும் மாட்டி, லாரியில் ஏற்றிக் களத்துக்குக் கொண்டுபோங்கள். திங்கட்கிழமை காலை அதே வண்டியில் பள்ளிக்கூட வாசலில் நிற்பதைத்தான் மறுக்கிறேன்.

சட்டம் இதில் தெளிவாகவே பேசியிருக்கிறது. இந்தக் கம்பிகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு விரோதம், நடவடிக்கை எடுங்கள் என்று மத்திய அமைச்சகம் 2017 டிசம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்ற உரிமையாளருக்கு இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்று எழுதினார்கள். அவ்வப்போது போலீசாரும் போக்குவரத்துத் துறையினரும் சாலையில் நிறுத்திக் கழற்றுகிறார்கள், செய்தித்தாளில் படம் வருகிறது, ஒரு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. கழற்றும் அதிகாரிகளுக்குப் பக்கத்திலேயே கட்சிக்கொடி கட்டிய வண்டி பெரிய கம்பியோடு கடந்து போவதை எல்லோரும் பார்க்கிறார்கள். சாமானியர் இதைத்தான் திருப்பிக் கேட்கிறார்: அவர் வண்டியில் இருக்கிறதே? அந்தக் கேள்வி சட்டத்தை அமல்படுத்துகிறவர்களைக் குத்த வேண்டிய கேள்வி. நம் வண்டியில் கம்பி இருப்பதற்கு அது காரணமாகாது.

எல்லா வாதத்தையும் உரித்துப் பார்த்தால் கடைசியில் இரண்டு காரணங்கள் மிஞ்சுகின்றன. ஒன்று, டிராஃபிக்கில் பைக்காரர் உரசிக் கோடு போட்டுவிடக்கூடாது. இரண்டு, கம்பியோடு வந்தால் எதிரில் வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். முதல் காரணத்துக்காக ஒரு மனிதரின் இடுப்பெலும்பைப் பணயம் வைக்க யாருக்கும் மனம் வராது. விஷயம் தெரியாததால்தான் வைக்கிறோம். இரண்டாவது காரணம் எனக்கு அச்சம் தருகிறது. ஒதுங்கிப் போகிறவர்கள் மரியாதையால் ஒதுங்கவில்லை, பயந்து ஒதுங்குகிறார்கள். அவர்கள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது.

உங்கள் வண்டியில் கம்பி இருந்தால் அடுத்த சர்வீசுக்கு விடும்போதே கழற்றச் சொல்லுங்கள். சில போல்ட்டுகள்தான், அரை நாள் வேலைகூட இல்லை. மாட்டும்போது பம்பரை வெட்டியிருக்கிறார்களா, நுரையை எடுத்திருக்கிறார்களா, மடிப்புப் பெட்டியில் துளை போட்டிருக்கிறார்களா என்று நின்று பாருங்கள், வெட்டியிருந்தால் மாற்றுங்கள். கழற்றிய கம்பியை வேறு யாருக்கும் விற்காதீர்கள், சும்மாவும் கொடுக்காதீர்கள். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடுங்கள்.